ஒரு ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும்?

1974 ஏப்ரல் 28. நியூயார்க் நகரத்திலிருந்து கிழக்கே கடலுக்குள் நீளும் லாங் ஐலண்டில் ஹாம்ப்டன் பேஸ் என்றொரு ஊர். அங்கே ஒரு வீட்டில் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறை கண்டுபிடித்த காரணம் மிகச் சின்னது: ஒரு ப்ளக் பாயின்ட்டில் அலுமினிய வயர் இணைந்திருந்த இடம் சரியில்லை. அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் செய்தியைப் படிக்கும்போது எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். ஃபியூஸ் போயிருக்கணுமே? பிரேக்கர் விழுந்திருக்கணுமே?

விழாது. லூஸ் கனெக்‌ஷனின் பயங்கரமே அங்கேதான் இருக்கிறது. ஃபியூஸும் பிரேக்கரும் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வயரும் டெர்மினலும் சேரும் இடம் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. தடை கூடினால் மின்சாரம் குறையுமே தவிர அதிகரிக்காது. குளியலறை கீஸர் ஒன்பது ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் 0.3 ஓம் தடை புதிதாக முளைத்தால், அந்தப் பொட்டு இடத்தில் சுமார் 24 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடையில் பார்த்திருப்போமே, சின்ன சால்டரிங் அயர்ன், அது 25 வாட். சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், சூடான சால்டரிங் அயர்னை வைத்து மூடியதற்குச் சமம். கீஸரில் வெந்நீர் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். மின்சாரம் எங்கேயும் கசியவில்லை என்பதால் ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஈஎல்சிபியும் சும்மா இருக்கும். பாதுகாப்புக் கருவிகள் எல்லாமே வேலை செய்துகொண்டிருக்கும்போதே வீடு எரியத் தயாராகிக்கொண்டிருக்கும்.

ஆக, கேள்வி இப்படிச் சுருங்குகிறது: அந்த ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கியிருக்க வேண்டும்? மின்சாரம் வீட்டுக்குள் வந்து நூறாண்டு ஆனபிறகும் இதற்கு உலகம் சொல்லிவந்த பதில், "நல்லா டைட்டா" என்பதுதான். அந்தப் பதில் ஓர் எண்ணாக மாறிய கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

*

முதலில், இறுக்கம் எதற்கு? வயர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதாதா?

இதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ராக்னர் ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பின்னால் அமெரிக்கா போனார். அவருடைய மனைவி எல்ஸே ஹோமும் அந்த ஆய்வுகளில் கூட இருந்தார். ஹோமின் புத்தகம் 1941-ல் ஜெர்மனிலும் 1946-ல் ஆங்கிலத்திலும் வந்தது. மின்தொடுகை பற்றி இன்று யார் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் சொன்னதன் சாரத்தை நம்மூர் பாஷையில் சொன்னால்: இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பழங்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கிட்டப் போனால் சில முள்ளின் நுனிகள் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் செம்பும் பித்தளையும் நுண்ணோக்கியில் பலாப்பழத் தோல் மாதிரிதான். மின்சாரம் முழுவதும் அந்த நுனிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அழுத்தினால் நுனிகள் நசுங்கும், புதிய நுனிகள் தொடும், வழி அகலமாகும். தொடும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது இங்கே பொருட்டே இல்லை. எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம், உலோகம் எவ்வளவு கடினம், மேலே துரு மாதிரிப் படலம் இருக்கிறதா, இவைதான் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் முடிந்தவரை முறுக்கிவிடலாமே? அதுவும் கூடாது. அதிகம் முறுக்கினால் பல இழைகள் கொண்ட வயரில் ஓர இழைகள் அறுந்துபோகும், ஸ்க்ரூவின் மரை தேயும், டெர்மினல் விரிசல் விடும். மென்மையான உலோகம் அழுத்தத்துக்கு அடியிலிருந்து பசை மாதிரி மெல்ல நழுவிப் பரவும். இன்றைக்கு டைட்டாக இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தளர்ந்திருக்கும். தேவைப்படுவது ஒரு குறுகிய இடைவெளி. கீழேயும் போகக்கூடாது, மேலேயும் போகக்கூடாது.

*

1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியது. அமெரிக்காவில் வீடு கட்டுபவர்கள் அலுமினிய வயருக்கு மாறினார்கள். 1965 தொடங்கி ஏழெட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகளுக்குள் அது போய்விட்டது. அலுமினியம் ஒன்றும் மோசமான கடத்தி இல்லை. செம்பின் கடத்துதிறனில் ஐந்தில் மூன்று பங்கு இருக்கிறது, கொஞ்சம் தடிமனான வயர் போட்டால் ஈடுகட்டிவிடலாம். ஊர்விட்டு ஊர் போகும் உயர் மின்கம்பிகள் அலுமினியம்தான். நம்மூர்ப் பழைய வீடுகளில் மரப்பட்டியில் கிளிப் அடித்து ஓடியதிலும் அலுமினிய வயர் நிறைய உண்டு.

பிரச்சினை வயரில் இல்லை. வயர் முடியும் இடத்தில் இருந்தது. சூடானால் அலுமினியம் செம்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். இரும்பு ஸ்க்ரூவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலையில் ஹீட்டர் போட்டால் விரிகிறது, அணைத்தால் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூவுக்கு அடியில் ஓர் இம்மி நழுவுகிறது. காற்று பட்ட உடனே அலுமினியத்தின் மேல் ஒரு ஆக்சைடு படலம் உட்கார்ந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது, கடினமானதும்கூட. செம்புக்காகப் பழகிய கைகள் செம்பை முடுக்கியது போலவே இதையும் முடுக்கின. செம்பு மன்னித்துவிடும் தவறுகளை அலுமினியம் மன்னிக்கவில்லை.

ஹாம்ப்டன் பேஸ் தீக்குப் பிறகு அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. ஆணையம் அப்போது புத்தம் புதிது, வேலை தொடங்கி ஓராண்டுதான். அது நடத்த வைத்த கணக்கெடுப்பில் வந்த எண் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: 1972-க்கு முன் அலுமினிய வயர் போட்ட வீடுகளில், ப்ளக் பாயின்ட் இணைப்பு ஒன்றாவது தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு செம்பு வயர் வீடுகளைவிட 55 மடங்கு. ஆணையம் உற்பத்தியாளர்கள் மீது வழக்குப் போட்டது. சுவருக்குள் புதைந்திருக்கும் வயர் 'நுகர்பொருள்' என்ற சொல்லுக்குள் வருமா வராதா என்பதில் வாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வீட்டுக்காரர் அந்த வயரைக் கடையில் போய் வாங்கவில்லை, அதனால் அவர் நுகர்வோர் இல்லையாம்! சட்டம் சில சமயம் இப்படித்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் 1970-களின் கடைசியில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஜே. டூசோ வில்சன். கண்டங்கள் நகர்வதை விளக்கும் தட்டுப்புவியியலை உருவாக்கியவர்களில் ஒருவர், ஹவாய்த் தீவுகள் ஏன் வரிசையாக முளைத்தன என்று சொன்னவர். கண்டத் தட்டுகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நழுவுவதைப் பற்றி யோசித்தவரிடம், ஸ்க்ரூவுக்கு அடியில் வயர் நழுவுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பொருத்தமான ஆள்தான். குழுவின் முடிவு நிதானமானது: இணைப்புகளைச் சரியாகச் செய்தால் அலுமினியமும் பாதுகாப்பாகவே இயங்கும்.

'சரியாகச் செய்தால்'. அந்த இரண்டு சொற்களுக்குள்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது.

செம்பு வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தால், 1977-ல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகம் வெளியிட்ட ஓர் ஆய்வு அதையும் கெடுத்தது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே தளர்வாக முடுக்கிய இணைப்புகளில் மின்சாரத்தை விட்டுப் பார்த்தார்கள். அலுமினியத்தில் மட்டும் இல்லை, செம்பிலும் அந்த இடம் பழுக்கக் காய்ந்து ஒளிர்ந்தது. 15 ஆம்பியர் ஓடும்போது 35 வாட் வரை வெப்பம். அந்த ஒளிர்வை நூறு மணி நேரத்துக்கும் மேல் அணையாமல் வைத்திருக்க முடிந்தது. அவ்வளவு நேரமும் மறுமுனையில் விளக்கு எப்போதும் போல எரியும், ஃபியூஸ் போகாது, பிரேக்கர் விழாது.

*

இங்கே கையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

கைப்பழக்கத்தின் மேல் நமக்கு இருக்கும் மரியாதை காரணமில்லாமல் வந்ததில்லை. மாவு அரைப்பவருக்கு விரல் நுனியில் பதம் தெரியும். மிருதங்கத்தின் வாரை இழுத்துக் கட்டுபவர் தட்டிப் பார்க்கிறார், சுருதி உடனே சொல்லிவிடுகிறது. கொத்தனார் வைத்த கல் கோணினால் அடுத்த வரிசையிலேயே காட்டிக்கொடுக்கும். கை கற்றுக்கொள்வது இப்படித்தான். தப்பு செய்கிறது, தப்பு உடனே திரும்பி வந்து அதைத் தொடுகிறது, அடுத்த முறை திருத்திக்கொள்கிறது.

எலெக்ட்ரீஷியனின் ஸ்க்ரூ அப்படித் திரும்பி வருவதே இல்லை. இன்று முடுக்குகிறார், ஸ்விட்சைப் போடுகிறார், லைட் எரிகிறது. லூஸாக இருந்தாலும் எரியும், டைட்டாக இருந்தாலும் எரியும். அந்த இணைப்பு கருகப்போவது பத்து வருஷம் கழித்து. அதற்குள் வீடு இரண்டு பேர் கை மாறியிருக்கும், அவர் வேறு ஊரில் இருப்பார். எரிந்த பிறகும் "மின்கசிவு" என்று பத்திரிகையில் ஒரு வரி வரும், அவருக்கு யாரும் தகவல் சொல்லப் போவதில்லை. முப்பது வருஷமாக இந்தக் கையாலதான் முடுக்கறேன் என்று அவர் சொன்னால் அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் கைக்கு ஒரு பாடம்கூட வந்து சேரவில்லை. ஆளின் திறமைக் குறைவாக இதைப் பார்ப்பது அநியாயம். வேலையின் அமைப்பே அப்படி.

எண் தேவைப்படுவது இதனால்தான்.

*

முறுக்கும் விசையை ஆங்கிலத்தில் டார்க் என்கிறோம். முறுக்கு என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் இருட்டு என்று படித்துவிடுகிறார்கள். பாடப்புத்தகம் 'திருப்பு விசை' என்கிறது. எனக்கு 'முறுக்குவிசை'யே பிடித்திருக்கிறது. தின்னும் முறுக்கு ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை. இந்தப் பொருளில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பரிந்துரைத்தவர் கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் என்பார்கள். அச்சில் வந்தது 1884-ல். அதே ஆண்டு சில்வானஸ் தாம்சன் டைனமோ மின் எந்திரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்திலும் அது இருக்கிறது. ஆக, மின்சாரக்காரர்கள் இந்தச் சொல்லைப் பிறந்த வருடத்திலேயே கையில் எடுத்துவிட்டார்கள். எந்திரம் சுற்றும் முறுக்கை அளந்தார்கள். எந்திரத்துக்கு வயர் கொடுக்கும் ஸ்க்ரூவின் முறுக்கை அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

அளவோடு முறுக்கும் ஸ்பேனர் வந்தது தண்ணீர்க் குழாயிலிருந்து. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகளைத் தொழிலாளர்கள் ஓவராக முறுக்கிவிடாமல் இருக்க 1918 வாக்கிலேயே இப்படியொன்றைச் செய்ததாகச் சொன்னார். காப்புரிமை வாங்கியது பின்னால், கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து. குறித்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று ஒலி எழுப்பும் கருவி அது. இன்றைக்கும் மெக்கானிக் ஷெட்டில் கேட்கும் அதே க்ளிக். இன்னொரு பக்கம் கிரைஸ்லர் கார் நிறுவனம் முள் காட்டும் வகையை வளர்த்தெடுத்தது. பால் ஸ்டர்டிவன்ட் என்ற விற்பனையாளர் அதைச் செய்து விற்கும் உரிமம் வாங்கி நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

கார்க்காரர்கள் ஏன் உடனே ஏற்றுக்கொண்டார்கள்? எஞ்சின் தலையை ஒழுங்காக முடுக்காவிட்டால் வாடிக்கையாளர் வண்டியை அந்த வாரமே தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். தப்பு திரும்பி வருகிறது. வயரிங்கில் திரும்பி வரவில்லை. எண்பது வருடத் தாமதத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்கள் இல்லாமலும் இல்லை. பிரேக்கரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாதாரண வீட்டு பிரேக்கருக்கு 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் இருக்கும். 2 நியூட்டன் மீட்டர் என்றால்: ஒரு மீட்டர் நீளக் குச்சியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால் கையில் தெரியும் முறுக்கு. நம்மூரில் பல வீடுகளில் டிபி பாக்ஸை முடுக்குவது டெஸ்டரால்தான். அந்த மெல்லிய பிளாஸ்டிக் பிடியை வைத்துக்கொண்டு இந்த அளவைத் தொடவே திணற வேண்டியிருக்கும்.

*

அமெரிக்காவில் வயரிங் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு 1897-லிருந்து ஒரு தேசிய விதித்தொகுப்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். அதன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் 110.14(டி) என்ற இடத்தில் ஒரு வாக்கியம் வந்தது. உற்பத்தியாளர் எண் கொடுத்திருந்தால், அளவுதிருத்தம் செய்த முறுக்குவிசைக் கருவியைக் கொண்டே அந்த எண்ணை எட்ட வேண்டும். உற்பத்தியாளரே வேறு வழி சொல்லியிருந்தால் மட்டும் விலக்கு. ஹாம்ப்டன் பேஸிலிருந்து 43 வருடம்.

அடுத்த பதிப்பிலேயே, 2020-ல், அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அங்கீகரிக்கப்பட்ட எந்த வழியிலும் அந்த எண்ணை எட்டலாம் என்றானது. அளவு வந்ததும் தலை தானாக ஒடிந்துவிடும் போல்ட்டுகள் போன்றவற்றுக்கும் இடம் கிடைத்தது. எண் மட்டும் அசையவில்லை.

இப்போது சந்தையில் இருக்கும் டிஜிட்டல் கருவிகளுக்குள்ளே இருப்பது 1938-ல் பிறந்த ஒரு பொருள். ஸ்ட்ரெயின் கேஜ். எட்வர்ட் சிம்மன்ஸ் கலிஃபோர்னியாவிலும், ஆர்தர் ரூஜ் எம்ஐடியிலும், ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்தது. ரூஜின் கவலை தண்ணீர்த் தொட்டி. நிலநடுக்கத்தில் உயர்நிலைத் தொட்டிகள் எப்படி ஆடும் என்று மாதிரிகளில் அளக்க வேண்டியிருந்தது. மயிரிழைக் கம்பியை ஒட்டிவைத்தார். உலோகம் இழுபடும்போது கம்பியும் இழுபட்டு அதன் மின்தடை துளி ஏறும். அந்தத் துளியை அளந்தால் விசை தெரிந்துவிடும். இதில் பெரிய வியாபாரம் இருக்காது என்று எண்ணி எம்ஐடி உரிமையை அவரிடமே விட்டுவிட்டதாம். இன்று கடைத் தராசுக்குள்ளேயும் அதன் வாரிசுதான் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. சுவருக்குள் யாரும் அளக்காமல் ஏறிய மின்தடை வீட்டை எரித்தது. ஸ்க்ரூடிரைவரின் தண்டுக்குள் அளந்து ஏற்றிய மின்தடை, போதும் நிறுத்து என்று பீப் அடிக்கிறது.

*

எல்லா நாடும் ஒரே பதிலுக்கு வரவில்லை. பிரிட்டனில் வீட்டு மின்பலகைகளில் தீப்பிடிப்பது கூடிவருவதை லண்டன் தீயணைப்புப் படை கவனித்தது. தளர்ந்த இணைப்புகள் முக்கியக் காரணம், சுற்றியிருந்த பிளாஸ்டிக் பெட்டி எரிபொருள். அவர்கள் 2015-ல் விதியைத் திருத்தி, 2016 ஜனவரி முதல் வீடுகளில் புதிதாகப் பொருத்தும் பலகையின் பெட்டி இரும்பு மாதிரி எரியாத பொருளில் இருக்க வேண்டும் என்றார்கள். கை தவறத்தான் செய்யும், தவறினாலும் தீ வெளியே வராமல் இருக்கட்டும் என்ற யோசனை. ஜெர்மனியின் வாகோ நிறுவனம் 1951-லிருந்தே வேறு பக்கம் போனது: ஸ்க்ரூவே வேண்டாம், ஸ்ப்ரிங் பிடித்துக்கொள்ளட்டும். வயர் நழுவினால் ஸ்ப்ரிங்கும் கூடவே நகரும். நேர்மையாகச் சொன்னால், சின்ன வயர்களைப் பொறுத்தவரை இதுதான் மூன்றிலும் புத்திசாலித்தனமானது என்பேன். ஆனால் பெரிய கேபிள்களும் பஸ்பார்களும் இன்னமும் போல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன.

அளக்கும் கருவியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அது அளப்பது முறுக்கை. நமக்கு வேண்டியதோ அழுத்தம். பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கில், கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் ஸ்க்ரூ தலைக்கு அடியிலும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. ஒரு பங்குதான் வயரை அழுத்தப் போகிறது. மரையில் தூசியோ துருவோ இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும், திரையில் எண் மட்டும் அழகாக வந்து நிற்கும். வயரின் தோலைச் சரியான நீளத்துக்கு உரித்தாரா, இழைகள் முழுவதும் உள்ளே போயினவா, ரப்பர் தோலின் மேலேயே ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டதா, இதையெல்லாம் கருவி பார்க்காது. அங்கே கையும் கண்ணும்தான். கருவிக்கும் வைத்தியம் உண்டு. 12 மாதமோ 5000 முறையோ ஆனால் அளவுதிருத்தத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அனுப்பாத டிஜிட்டல் கருவி, தன்னம்பிக்கை மிகுந்த கை மாதிரிதான்.

புதிய கருவிகள் ஒவ்வொரு இணைப்பின் எண்ணையும் தேதி, நேரத்தோடு சேமித்துவைக்கின்றன. ஆயிரக்கணக்கான இணைப்புகள் உள்ள சோலார் பண்ணைகளில், டேட்டா சென்டர்களில் இந்தப் பதிவைக் கேட்கிறார்கள். பத்து வருடம் கழித்து ஒன்று கருகினால் யார், எப்போது, எவ்வளவு முறுக்கினார் என்று எடுத்துப் பார்க்கலாம். தொழிலாளியைக் கண்காணிக்கும் வேலையும் இதில் கலந்திருக்கிறது, மறுக்க முடியாது. அதே பதிவு, தான் ஒழுங்காகச் செய்தேன் என்று அவர் காட்டக்கூடிய ஒரே சாட்சியாகவும் ஆகிறது. முன்பு அவரிடம் அதுவும் இல்லை.

பீப் வந்ததும் பல இடங்களில் இன்னொரு வேலை செய்கிறார்கள். பெயின்ட் பேனாவால் ஸ்க்ரூ தலையிலிருந்து டெர்மினல் வரை ஒரு கோடு. பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள். ஸ்க்ரூ ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். அடுத்த வருஷம் சோதனைக்கு வருபவர் மறுபடி முடுக்க வேண்டியதில்லை, முடுக்கவும் கூடாது. டார்ச் அடித்து, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியை மூடுகிறார்.